பின்வரிசை, இடமிருந்து ஏழு

பகாவில் மழை பிடித்துக்கொண்ட மத்தியானம்.
தவமலர் குடையை மடக்காமலே கடைக்குள் வந்தாள்.
"தீமிதி அன்னிக்கு நீங்க எடுத்த படத்துல
எங்கண்ணன் நிக்கிறான். பின்வரிசை, இடமிருந்து ஏழு.
மூஞ்சிய மட்டும் வெட்டிப் பெருசாக்கிக் குடுங்க."

ஒரு லோரி செம்பனைக் குலை காணாமல்போன ராத்திரி
எட்டே முக்காலுக்குப் புவனேந்திரன் எங்கிருந்தான்
என்று பாலாயில் கேட்கிறார்கள்.
எடைமேடைப் பக்கம் பார்த்தேன் என
ஜாகா குப்புராஜ் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

வெட்டினேன்.
திரையில் வந்தது முகமில்லை.
சிவப்பும் பச்சையுமாய் மணல்;
மணலுக்குள் மீசை மாதிரி ஒன்று.

"நல்லாத்தானே இருந்திச்சு படம்?"
என் கத்தரி கெடுத்துவிட்டதென்று நினைக்கிறாள்.
மணல் முன்னமே அங்கே கிடந்தது, தங்கச்சி.
எட்ட நின்று பார்க்கையில்
ஒன்றின் குறையை இன்னொன்று மூடிக்கொண்டது.

கேமராவுக்குள் ஒளி விழும் சில்லு
கட்டைவிரல் நகத்தளவு.
பூக்குழி, கரகம், ஜெனரேட்டர் விளக்கு,
இருநூறு பேர், எல்லாம் அந்த நகத்தில்.
உன் அண்ணனுக்குக் கிடைத்த இடம் எறும்பின் தலை.
அதை மட்டும் வெட்டி எடுப்பது
எறும்புத் தலையளவு கேமராவோடு
அந்த இருட்டுக்குள் நான் போய் நின்றதற்குச் சமம்.

அவளுக்குப் பிடிபடவில்லை.
ஒழுகுமிடத்தில் பேசின் வைத்திருந்தேன்,
அதன் பக்கத்தில் மைலோ டின் மூடி.
பார், என்றேன்.
பேசினுக்குள் மழை ஒரே சத்தம்.
மூடியிலோ மூன்று துளி,
பிறகு ஒன்றுமில்லை,
பிறகு ஐந்து.
மழை ஒன்றுதான்.
மூடியை நம்பி
எவ்வளவு பெய்ததென்று சொல்ல முடியுமா?
ஒளியும் துளித்துளியாகத்தான் வருகிறது.

வழவழப்பாக்கும் மென்பொருள் இருக்கிறது.
ஒரு தட்டு. மணல் போகும், தோல் வரும்,
கண்ணுக்கு இமைகூட வரும்;
யாருடைய இமை என்பதுதான் தெரியாது.
கல்யாண ஆல்பத்துக்குச் செய்வேன்.
இதற்கு மாட்டேன்.

குடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது.
அவள் அழவில்லை, போகவும் இல்லை.
சும்மா இருக்க முடியாமல்
வெட்டியதை எடுத்துவிட்டு முழுப் படத்தைத் திறந்தேன்.

எங்கள் இருவர் கண்ணும்
பின்வரிசைக்குப் போகும் வழியில் நின்றன.
முன்வரிசை, வலது ஓரம்,
குழல்விளக்குக்கு நேர் கீழே,
கையில் சூடத் தட்டு,
நெற்றி வியர்வை எண்ணலாம் போல,
மணல் ஒரு பொட்டு இல்லாமல்
ஜாகா குப்புராஜ்.

படத்தின் மணி எட்டு நாற்பத்தொன்று.

இருபதுக்கு முப்பதில் போட்டுக் கொடுத்தேன்,
ஓரம்கூடச் சீவாமல்.
காசு வாங்கினேன், பாதி.
பின்பக்கம் பேனாவில் எழுதினேன்:
இந்தக் கேமராவின் கடிகாரம்
நாலு நிமிடம் பிந்தி ஓடும்.