எந்தக் கை

பொலிஸ் நிலையத்தின் பின் விறாந்தையில்
எங்கள் பிரிவுக்கு மும்மொழிப் பலகை.
தமிழில் மட்டும் ஒரு புள்ளி குறைவு:
'மகளிர' என்று நிற்கும்.
நாலு வருடம் சொல்லிப் பார்த்தேன்.
போன மாதம் சார்ஜன்ட் இனோகா
கதிரையில் ஏறி, வெள்ளை மையால்
தானே புள்ளி வைத்தாள்,
ககரத்தின் தலையில்.
இப்போது அது 'மக்ளிர'.
நான் இன்னும் சொல்லவில்லை.

இன்று எட்டே முக்காலுக்குப்
பாலையூற்றிலிருந்து சந்திரவதனி வந்தாள்.
உள்ளே வந்தும் குடையை மடிக்கவில்லை.
வெளியில் மழையுமில்லை, வெயிலுமில்லை.
தமிழ் எழுதும் கொன்ஸ்டபிள் லீவு.
இனோகா எழுத, நான் நடுவில்.

தையல் மெசினுக்கு எடுத்த கடன்,
கிழமைக்கு ஆயிரத்து எழுநூற்றைம்பது,
இரண்டு தவணை பிந்திவிட்டது.
வசூலுக்கு வருகிறவன் பகலில்தான் வருவான்.
வியாழன் இரவு ஏழரைக்கு வந்தான்.
புருசன் கட்டாரில்.
மகன் டியூசனில்.
"கரண்ட் இருந்தது" என்றாள்,
யாரோ அதைக் கேட்டதுபோல.

பிறகு சொன்னாள்:
"கையைப் பிடிச்சவன்."

சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொன்னேன்.
இனோகா எழுதினாள்.
எழுதிவிட்டுக் கேட்டாள்:
எந்தக் கை?

வலதா இடதா என்று
சட்டம் கேட்கத்தான் செய்யும்.
சந்திரவதனி இரண்டு கைகளையும்
மேசைக்குக் கீழே எடுத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
நான் கொடுத்தது ஒரு கையை.
அவள் சொன்னது கையை அல்ல.
முழு உடம்பையும் மடித்து
இந்தச் சின்னச் சொல்லுக்குள் வைத்திருக்கிறோம்,
அயலுக்குத் தெரியாமல்,
சில வேளை எங்களுக்கே தெரியாமல்.
சிங்களத்தில் அது வெறும் கை.
ஐந்து விரல், ஒரு மணிக்கட்டு.
நீதிமன்றம் போய்ச் சேர்வதற்குள்
குலுக்கிய கையாகக்கூட ஆகிவிடும்.

தொண்ணூறில் இதே வாசலில்
அண்ணனின் படத்தோடு ஒரு முழுப் பகல் நின்றேன்.
அன்றைக்கும் நடுவில் ஒருவர் இருந்தார்.
நான் சொன்னதில் எவ்வளவை அவர் சொன்னார்,
இன்றுவரை தெரியாது.

"பேனையை வையுங்கள்" என்றேன்.
இனோகா வைத்தாள்.
மீன் சந்தையில் விலை பேசிப் பழகிய சிங்களத்தில்
அந்தச் சொல்லை அவிழ்க்கத் தொடங்கினேன்.
நடுவில் இரண்டு தரம் கேட்டேன்:
சொல்லட்டா?
முதல் தரம் தலையசைத்தாள்.
இரண்டாம் தரம் அவளே சொன்னாள்.
தமிழில். நேரே இனோகாவின் முகத்துக்கு.

இனோகாவின் தமிழ்
'வாங்கோ', 'இருங்கோ', 'பயப்பட வேணாம்'.
ஆனாலும் நான் வாய் திறக்க முன்னம் எழும்பிப் போய்
கவுண்டர் பக்கக் கதவைச் சாத்தினாள்.
பூட்டுப் பிடிக்காத கதவு.
தன் கதிரையை முட்டுக் கொடுத்துவிட்டு
நின்றபடியே எழுதினாள்.

முன்பு எழுதியதை ஒரு கோட்டால் வெட்டி
ஓரத்தில் கையொப்பம் வைத்தாள்.
ஓஐசி இரண்டு தரம் தட்டினார்.
"இன்னும் இல்லை, சேர்."
பதினொன்றரை ஆகிவிட்டது.

நான் வாசித்துக் காட்டினேன்.
சந்திரவதனி பேனையோடு தயங்கினாள்.
வட்டம் வட்டமான எழுத்து,
அவளுக்கு ஒன்றும் பிடிபடாத தாள்.
"அக்கா, அது எதில கிடக்கு?"
வரியைத் தொட்டுக் காட்டினேன்.
ஐந்தாவது, ஆறாவது,
ஏழாவதில் பாதி.
"இவ்வளவு நீளமா?"
கையெழுத்து வைத்தாள்.

ஆசுபத்திரிக்கு மூவரும் ஒரே ஓட்டோவில்.
இனோகா சீருடைக்கு மேல்
என் சால்வையைப் போட்டிருந்தாள்.
பஸ் நிலையத்தடியில் மான்கள்
அவசரமில்லாமல் றோட்டைக் கடந்தன.
"குடையை அங்கேயே விட்டிட்டன்" என்றாள் சந்திரவதனி.
திருப்பட்டா என்றான் ஓட்டோக்காரன்.
"வேண்டாம். இனி எத்தனை தரம்
அங்க வரவேண்டிக் கிடக்கு."