சுணை

நாளை விரியப்போகும் மொட்டை
இன்றே திறந்து
மகரந்தக் கூம்பைப் பிடுங்கிவிட வேண்டும்.
இடுக்கி நடுங்கக்கூடாது.
பஸீஹா இதைக் கண் ஒப்பரேஷன் என்பாள்.

கொட்டாஞ்சேனை, நாலாம் மாடிக்கு மேலே
வலை கட்டிய மொட்டைமாடி.
கீழே துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறி திரும்பினால்
சாடி நூற்றிருபதும் சேர்ந்து அதிரும்.

அந்த மூலையில் நிற்பது காட்டு இனம்.
அந்தீஸ் மலைச்சரிவுக்காரி.
சுண்டங்காய் அளவில் பச்சையாகவே பழுக்கும்,
வாயில் வைத்தால் மண்ணெண்ணெய்.
ஆனால் இலை முழுக்கச் சுணை,
சுணை நுனிதோறும் ஒரு துளிப் பசை.
வெண் ஈ வந்து குந்தினால்
பசை வாளிக்குள் காலை விட்ட
தேர்தல் போஸ்டர்காரன் கதைதான்.

நாம் தின்பதோ
சிவந்து, சாறு கொண்டு, சந்தைக்கு லாயக்காய்
வளர்த்தெடுத்த பிள்ளை.
யார் வந்து உறிஞ்சினாலும் ஒன்றும் சொல்லாது.
சுணை கெட்டது
என்று நாங்கள் ஆட்களைத்தான் ஏசுவோம்.
செடிக்கும் அதே சொல் பொருந்துவதை
இந்த வேலைக்கு வந்துதான் கண்டேன்.

இரண்டையும் கலந்தோம்.
முதல் தலைமுறையில் சுணை வந்தது, பழம் பச்சை.
சிவப்பனோடு திரும்பக் கலந்தோம்;
பழம் சிவந்தது, சுணையைக் காணோம்.
மூன்றாவதில் கசப்பு மட்டும் மிஞ்சியது.
நாலாவதை ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கு வைத்தோம்.
அதற்கென்றே கத்தரிச்செடி போட்டு
ஆறு மாதம் சோறூட்டிய வெண் ஈக்களை
கூட்டைத் திறந்து விட்டோம்.

செவ்வாய் காலை மாநகரசபை வந்தது,
தோளில் புகை மெஷினோடு.
"டெங்கு, மிஸ். மேலேயும் அடிக்கணும்."
"அடிக்காதீங்க, என்ட பூச்சியெல்லாம் செத்துப்போகும்."
லயனல் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.
அவனுடைய இருபது வருடச் சேவையில்
பூச்சிக்காக மன்றாடிய முதல் ஆள்
நானாய்த்தான் இருக்க வேண்டும்.

"ரெண்டாம் மாடிப் பொடியனுக்கு பிளேட்லெட் முப்பதாயிரம்" என்றான்.
மெல்ரோய்.
படிக்கட்டில் பந்தடித்து
என் விதைத்தட்டை ஒருக்கா கவிழ்த்தவன்.

நானே வலைக் கதவைத் திறந்துவிட்டேன்.

புகை அடங்கியபோது
கத்தரி இலைகளின் கீழே தரையெல்லாம் வெள்ளைத் தூள்.
ஆறு மாதம்.
பஸீஹா விளக்குமாறை எடுத்தாள், பிறகு நின்றாள்.
"பொறுங்க. விழுந்தது புகை கொன்றது.
விழாமல் இருக்கிறது?"

உருப்பெருக்கியோடு குனிந்தோம்.
ஐம்பத்தைந்து வெறும் இலை. எண்பதும் வெறும் இலை.
எழுபத்திமூன்றில்
ஒற்றைச் சிற்றிலையில் நாற்பத்தொன்று,
கால் மாட்டி, செட்டை மடங்கி,
சில ஏற்கெனவே காய்ந்து கறுத்து.
புகை வரமுன்னரே
செடி தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

இதைச் சான்று என்று எந்த அறிக்கையும் ஏற்காது.
வெண் ஈயைத் திரும்ப வளர்க்க வேண்டும்,
திரும்ப எண்ண வேண்டும்.
அந்தச் செடியில் பழுத்திருந்த ஒன்றைப் பிய்த்துப்
பாதி பாதியாய்த் தின்றோம்.
புளிப்பு. அடித்தொண்டையில்
இன்னும் ஒரு சொட்டு மண்ணெண்ணெய்.

மெல்ரோய் ஆசுபத்திரியால் வந்த அன்று
பார்க்கப் போனேன்.
மூன்று முறை சவர்க்காரம் போட்டும்
விரலில் தக்காளிக் கறுப்பு போகவில்லை.
அவன் என் கையை மணந்து பார்த்து
முகத்தைச் சுளித்தான்.