மஹாலில் எட்டு மணிக் காட்சி

லாட்ஜில் இரண்டு இரவு எடுத்திருக்கிறேன்.
மத்தியானம் தூங்கி எழுந்த பிள்ளைகளை
எட்டு மணி வரை எங்கே வைத்திருப்பது?
ஆளுக்கொரு ஜிகர்தண்டா.
ஷைனியுடையதில் பாதி என் துப்பட்டாவில்.

ஆறேமுக்காலுக்கே மஹாலுக்கு வந்துவிட்டோம்.
"கட்டிப் பிடிப்போம்மா இந்தத் தூண."
நான், ஷைனி, ஜெஃப்ரின்:
கன்னம் சுண்ணாம்பில் ஒட்ட ஒட்ட
எட்டிப் பார்த்தும்
ஒரு சாண் குறைந்தது.
அவள் யாரைக் கூப்பிடப்போகிறாள் என்று தெரியும்.
அவர் தூத்துக்குடியில்,
நைட் ஷிப்டில்.
அதற்குள் தெலுங்கு பேசும் குடும்பத்துப் பையன் ஒருவன்
பஞ்சுமிட்டாய் ஒட்டிய விரலோடு
இடையில் புகுந்தான்.
கேட்கவே இல்லை.
வட்டம் மூடியதும் நால்வரும் கத்தினோம்,
காவலாளி விசில் ஊதும் வரை.

பிறகு விளக்கணைந்தது.
பச்சையில் ஒரு தூண் பேசியது,
சிவப்பில் இன்னொன்று படை திரட்டியது.
புறாக்கள் இடம் மாறி உட்கார்ந்தன.
ஜெஃப்ரின் கொசுவை அடித்தபடி இருந்தான்.

"நம்ம தூணு ஒண்ணுமே பேசலையே,"
ஆட்டோவில் ஷைனி.
நூற்றைம்பதை நூற்றிருபதாக்குவதில் இருந்தேன் நான்.
"நாளைக்கு எங்கம்மா?"
"தெப்பக்குளம்."
"அங்க தூண் இருக்கா?"