விட்ட பழம்

கிளம்பும்போதே மனைவி சொல்லி அனுப்பினாள்:
கயாவில், அட்சய வடத்தின் அடியில்
ஒரு பழத்தை விடச் சொல்வார்கள், ஆயுசுக்கும்.
கிவி என்று சொல்லிவிடுங்கள்.
எங்கள் வீட்டில் யாரும் தின்றதில்லை அதை.
பட்னா ஆஸ்பத்திரி வாசலில்
ஒருமுறை விலை கேட்டதோடு சரி.

முசாபர்பூரிலிருந்து ரயிலில் வரும் வழியெல்லாம்
டிக்கெட்டோடு சேர்த்துச்
சட்டைப்பையில் வைத்திருந்தேன் அந்தச் சொல்லை.

அண்ணன் பரமானந்துக்கு மகன் இல்லை.
அதனால் நான்.
பத்தொன்பது வருஷம் அவன்மேல் வழக்கு நடத்தியவன்.
பதினோரு லிச்சி மரங்கள்,
குறுக்கே ஒரு முள்வேலி,
வாய்தா வாய்தாவாக
உதிர்ந்துபோன எங்கள் தலைமயிர்.

பண்டா பழுப்பேறிய ஏட்டைப் புரட்டினார்.
போச்சகான், போச்சகான் என்று
விரல் ஊர் தேடிப் போய் நின்ற இடத்தில்
அப்பாவின் சாய்ந்த எழுத்து:
புத்திரர் இருவர். ஒரே அடுப்பு.

பல்குவில் மணலைத் தோண்டி நீர் எடுத்தேன்.
வாற்கோதுமை மாவும் எள்ளும் பிசைந்து உருட்டும்போது
கையில் அவனுடைய எடை எதுவும் இல்லை.
அழுகை வரும் என்று நினைத்திருந்தேன்.
பனியில் மூக்குதான் ஒழுகியது.

மரத்தடிக்கு வந்ததும் பண்டா கதை சொன்னார்,
ஒரு கண்ணை அலைபேசியில் வைத்துக்கொண்டு:
சீதை மணலில் பிண்டம் வைத்தாள்,
தசரதன் கை நீட்டி வாங்கிக்கொண்டான்.
ராமன் வந்து சாட்சி கேட்டபோது
நதி இல்லையென்றது, பசு இல்லையென்றது,
துளசி இல்லையென்றது, பிராமணனும் இல்லையென்றான்.
ஆமாம் என்றது இந்த ஆல் மட்டும்.

எத்தனை ஆயிரம் பேருக்குச் சொன்ன கதை.
எனக்குக் காது சுட்டது.
நானும் நாலு பேரைக் கூட்டிப்போனேன் கோர்ட்டுக்கு,
பஸ் காசும் புது வேட்டியும் கொடுத்து,
'வேலி ஆதியிலிருந்தே அங்கேதான் ஹுஜூர்' என்று சொல்ல.
அப்பாவின் பதின்மூன்றாம் நாள் கழிந்த இரவில்
அதை எட்டு முழம் நகர்த்தியவன் நான்.
நிலா இல்லை.
மரங்கள் இருந்தன.

செவ்வந்தி மாலையால் என் கைகளைச் சேர்த்துக் கட்டி
எந்தப் பழம் என்றார் பண்டா.
எனக்கு முன்னால் நின்ற தன்பாத்காரர்
சப்போட்டாவை விட்டிருந்தார், சர்க்கரை நோயாளி.
ஒரு அம்மாள் பாகற்காயை விட்டாள்;
அது பழமில்லை, காய்க்கணக்கு என்று
தனியே எழுதிக்கொண்டார்கள்.

கிவி நாக்கின் நுனியில் தயாராக இருந்தது.

லிச்சி, என்றேன்.

பண்டா அலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.
'முசாபர்பூர்க்காரன்தானே நீ?
யோசித்துச் சொல்.'
சொல்லியாயிற்று, என்றேன்.
மாலையை அவிழ்த்து
முதுகில் மூன்று முறை தட்டி
சுபலம், சுபலம், சுபலம் என்றார்.
அதற்குத் தட்சிணை தனி.

மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

வைகாசியில், விடிவதற்கு முன்னால்,
இத்ரீஸ் மியான் வண்டியோடு வந்தார்.
'சாஹி பழுத்துவிட்டதா? கடித்துப் பாரும்,
உம் நாக்குக்குத்தானே நான் விலை வைப்பது.'
பழம் என் உள்ளங்கையில்,
இலையோடு, கிழக்குக் காற்றில் கொஞ்சம் நனைந்து.

வேலிக்கு அப்பால் அண்ணி சாணி மிதித்துக்கொண்டிருந்தாள்.
கூப்பிட்டுப் பழக்கமில்லாத தொண்டை,
இரண்டாம் முறைதான் சத்தம் வந்தது:
'அண்ணி,
இதைக் கொஞ்சம் கடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.'

காலைக் கழுவினாள். வந்தாள்.
முள்ளுக்கு இடையே கையை நீட்டி வாங்கித்
தோலை நகத்தால் கிள்ளியபடி
எந்த மரத்துப் பழம் என்று கேட்டாள்.

உங்கள் மரம், என்றேன்.

மென்றாள், நேரம் எடுத்து.
கொட்டையை வேலியின் இந்தப் பக்கம் துப்பினாள்.
'இன்னும் மூன்று நாள் போகணும்' என்றாள்
இத்ரீஸ் மியானிடம்,
என் முகத்தைப் பார்க்காமல்.