பதினொரு மணியில் ஒரு கீறல்

குழாய்க்குள் மணி என்பது நேரமல்ல.
உச்சி பன்னிரண்டு. அடிவயிறு ஆறு.
மூன்றில் ஒரு வீட்டு இணைப்பு,
ஒன்பதில் மயிரிழை வேர்.
வட்டத்துக்குள் முகவரி
வேறெப்படிக் கொடுப்பது?

டுலூத். பிப்ரவரி.
ஏரிக்காற்று வேன் கதவைப் பிடித்து உலுக்குகிறது.
வெளியே மேன்ஹோல் வாயில் ராய்ஸ்,
கேபிளைக் கையுறையால் தடவித் தடவி இறக்குகிறான்.
உள்ளே நான், ஐலா துருனன்,
ஆறிய காப்பியோடு திரை முன்னால்.
ஆறு சக்கர வண்டி ஒன்று
என் கண்ணைச் சுமந்துகொண்டு
எட்டங்குலக் களிமண் குழாயில் போகிறது.
லென்ஸில் ஆவி படிகிறது.
துடைக்கக் கை எட்டாது. காத்திருக்கிறேன்.

கோடு தெரிந்தால் கீறல்.
கோடு வாய் திறந்தால் விரிசல்.
துண்டு இடம் பெயர்ந்தால் உடைவு.
துண்டே இல்லாமல் மண் தெரிந்தால் ஓட்டை.
அதற்கப்பால் ஒரு சொல் உண்டு,
அதை எழுதும்போது
வண்டி போக வழி இருக்காது.
தண்ணீருக்கும் அப்படித்தான்:
கசிவு, சொட்டு, ஒழுக்கு, பீறல்.
‘மோசம்’ என்று எழுதக் கூடாது.
‘போலிருக்கிறது’ என்பதற்குக் குறியீடு இல்லை.

ஜனவரி கடைசியில், கெட்டில் தெருவில்,
பனி வாரும் வண்டியின் முன்சக்கரம்
ரோட்டுக்குள் இறங்கியது.
யாருக்கும் அடியில்லை.
ப்ரெடெசன் வீட்டு நிலவறையில்
முழங்காலளவு ஏறியது,
எது என்று சொல்ல வேண்டாம்.

லைல் பழைய அறிக்கையை எடுத்து வைத்தார்.
போன வருஷத்தது.
நூற்று முப்பத்தேழாம் அடி.
கீறல், நீளவாக்கில், பதினொரு மணி. தரம் இரண்டு.
பார்வையிட்டவர்: ஐ.து.

காணொளியை ஓட்டினேன்.
அந்த இடத்தில் வண்டி நிற்கவேயில்லை.
நின்று, தலையைத் திருப்பி,
பக்க விளக்கைப் போட்டிருந்தால் போதும்.
போடாமலே தெரிகிறது இப்போது:
கோட்டின் ஓர் உதடு
மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறது.
அதற்கு மேலே இருட்டு.
மண்ணின் இருட்டல்ல,
மண் இல்லாத இருட்டு.

திரை மூலையில்: வெள்ளி, நாலு நாற்பது.
அது மட்டும் நிஜமான மணி.
அன்று ஐந்தரைக்கு மகனுக்கு ஹாக்கி.
ஜெயித்தார்கள் என்று நினைக்கிறேன்.

“களிமண் குழாய், நூறு வயசு.
உறைபனியில் மண் உப்பும், இறங்கும்.
ஒரு வருஷத்தில் என்னவும் ஆகலாம், ஐலா” என்றார் லைல்.
பொய்யில்லை.
அன்பாகத்தான் சொன்னார்.
திட்டியிருந்தால் தேவலை.

இன்று மேல்பக்கத்திலிருந்து விட்டுப் பார்க்கிறோம்.
தொண்ணூறாம் அடியில் வேர்.
நூற்றுப் பத்தில் இணைப்பு விலகல், சிறியது.
நூற்று முப்பத்தொன்றில் ஓட்டுச் சில்லுகள், சரளை,
மஞ்சள் மண், நின்ற நீர்.
எழுதினேன் அந்தச் சொல்லை.
அடுத்த வரியில்: ஆய்வு கைவிடப்பட்டது.
ராய்ஸ் பின்னோக்கி இழுக்கத் தொடங்கினான்.

பழைய பதிவை அழிக்க முடியாது.
அதன் கீழே ஒரு வரி சேர்க்கலாம்.
‘கீறல் அல்ல, உடைவு.
மேலே வெற்றிடம். காணொளியில் தெரிகிறது.
வண்டி நிறுத்தப்படவில்லை.’
வாசித்துப் பார்த்தேன்.
யார் என்று அதில் இல்லை.
கடைசி வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டு,
‘நான் வண்டியை நிறுத்தவில்லை.’
பெட்டியில் இன்னும் பதினேழு எழுத்துக்கு இடம் இருந்தது.
ஒன்றும் தோன்றவில்லை. விட்டுவிட்டேன்.

ராய்ஸ் கண்ணாடியைத் தட்டினான்:
அடுத்த குழி, மூடி உறைந்துபோயிருக்கிறது,
கடப்பாரை எங்கே?

நாலரை ஆகிறது.
ஒவ்வொரு கோட்டிலும் நிற்கிறேன், திருப்புகிறேன்,
பக்க விளக்கு.
கீறல். கீறல். நிஜமாகவே கீறல்.
இருபத்திரண்டாம் அடியில் எலி ஒன்று
வெளிச்சத்தைப் பார்த்து அப்படியே நின்றது.
நானும் நிறுத்தினேன்.
அதற்கும் குறியீடு உண்டு. போட்டேன்.
ஐந்து மணி,
குழாயின் ஐந்து.