எழுத்துக்கு இரண்டு சென்ட்

கர்னல் ஆப்னர் த்ரெல்கெல்டின் கல்
மாட்டுவண்டியில் வந்து இறங்கியது.
ஓட்டி வந்தவன் லண்டன்.
ஊர்ப் பெயர்தான். அவனுக்கு அதை வைத்தார்கள்.
கூடவே விதவை கெசாயா கொடுத்தனுப்பிய தாள்:
எல்லைக் காவல் வீரர். சட்டமன்றத்தில் ஐந்து முறை.
மலைக்கு மேல் சாலை போட்டவர். சபைக்குத் தூண்.
இன்னும் சில வரிகள். மொத்தம்
நூற்றுத் தொண்ணூற்று நான்கு எழுத்து.
எழுத்துக்கு இரண்டு சென்ட்.
இடைவெளிக்கு நான் காசு வாங்குவதில்லை.

இடைவெளியில்தான் நான் இருந்தேன்.

ஆகஸ்டு மாதம். அவருக்கு இருபத்தெட்டு,
எனக்குப் பதினேழு வயது.
செரோக்கியர் ஊர் ஒன்று. அதற்குப் பெயர் இருந்திருக்கும்;
நாங்கள் ஆற்றின் மூன்றாம் வளைவு என்றோம்.
ஆட்கள் முந்தின இரவே மலையேறிவிட்டார்கள்.
ஆகவே மக்காச்சோளத்தோடு போரிட்டோம்.
ஆளுயரப் பயிர், பால் பிடித்த கதிர்,
பச்சை என்பதால் தீப்பற்றவில்லை.
வெட்டினோம். இரண்டு நாள் வெட்டினோம்.
உள்ளங்கை கொப்புளித்தது, அறுப்புக்கு வந்த கூலிகளைப்போல.

ஒரு வீட்டில் மட்டும் புகை.
கால் வீங்கி நடக்க முடியாத ஒரு பெண்.
மூன்று கல்லின் மேல் பானை,
அவரைக்கொட்டை வெந்துகொண்டிருந்தது.
த்ரெல்கெல்ட் தொப்பியைக் கழற்றினார்.
நின்றபடியே மரக்கரண்டியால் தின்றார்.
பிறகு எங்களிடம் நீட்டினார். நானும் தின்றேன்.
அந்தப் பஞ்சத்திலும் அவள்
உப்புப் போட்டிருந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டுபோய்
மரத்தடியில் உட்காரவைக்கச் சொன்னார்.
அப்புறம் கூரையைக் காட்டினார்.
பானை உள்ளேயே இருந்தது.

அதன்பின் அவர் வளர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும்.
மூன்றாம் வளைவில் நாலாயிரம் ஏக்கர்.
தேர்தல் நாளில் பீப்பாய் பீப்பாயாய் விஸ்கி.
வாக்காளன் மேசைமுன் நின்று
பெயரை உரக்கச் சொல்ல வேண்டும், அந்தக் காலத்தில்;
பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருப்பார்,
ஒவ்வொருவருக்கும் எழுந்து வணக்கம் சொல்வார்.
ஐந்து முறையும் நான் உரக்கச் சொன்னேன்.

மன்றத்தில் உப்பு வரியை எதிர்த்து
நான்கு மணி நேரம் பேசினாராம்.
ஏழையின் உப்பில் கைவைக்காதீர் என்றாராம்.
செய்தித்தாளில் அதைப் படித்தபோது
என் நாக்கு கரித்தது.

போன மார்ச்சில் அவரே பட்டறைக்கு வந்தார். இருமல்.
குதிரைக்குப் பல் பார்ப்பவர்போல்
ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்தார்.
"எழுத்து என்ன விலை?"
சொன்னேன்.
"ஒரு பானை செதுக்க?"
"கலசம் ஒரு டாலர். மேலே துணி மடிப்பு வேண்டுமானால் ஒன்றேகால்."
"கலசம் இல்லை," என்றார்.

வெகுநேரம் என் உளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு, வாக்குக் கேட்க வந்தவர்போல்
சட்டென்று சிரித்து,
மனைவி சுகமா என்றார்.
அவள் போய் ஆறு வருடம்.
சுகம் என்றேன்.

கெசாயாவின் தாளில் கழுகும் வாளும் இருந்தன.
கழுகு செதுக்கினேன். வாள் செதுக்கினேன்.
கழுகின் நகத்துக்குக் கீழே கொஞ்சம் கல் மிச்சம்.
அடி உருண்டு, வாய் விரிந்த பானை ஒன்று,
கழுத்துக்குக் கீழே சாய்வாய் அச்சுக் கோடுகள்.
எனக்கு நினைவிருந்த வரையில்.

கல்லை நிறுத்திய அன்று
பாதிரியார் அதை ரோமானியக் கலசம் என்று மெச்சினார்.
தலைநகரிலிருந்து வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.
கெசாயா காசை எண்ணிக் கொடுத்தாள்:
எழுத்துக்கு மூன்று டாலர் எண்பத்தெட்டு சென்ட்,
கழுகுக்கும் வாளுக்கும் இரண்டு.
பானையைப் பற்றி அவள் கேட்கவில்லை.

எல்லோரும் போனபின்
குழிமண்ணைத் தட்டிச் சமன்செய்துகொண்டிருந்த லண்டன்
குனிந்து, பானைக்கு அடியிலிருந்த
மூன்று சின்னக் கற்களை விரலால் தொட்டான்.
"இது இன்னும் அடுப்பில் இருக்கிறது," என்றான்,
என் முகத்தைப் பாராமல்.
மண்வெட்டியைப் புல்லில் துடைத்துவிட்டு
மாடுகளிடம் நடந்தான்.