நானூற்றுப் பன்னிரண்டாம் கிலோமீட்டர்

பிரேக் பிடித்த பிறகும்
முந்நூறு மீட்டர் போய்த்தான் நின்றது ரயில்.
நூர்லான்டில் இந்த மாதம் எங்கும் இடுப்பளவு பனி.
கலைமான்களுக்கு நடக்கத் தோதான ஒரே இடம்
தண்டவாளம்.

என்னிடம் துப்பாக்கி இல்லை.
இடித்தவன் முடித்துவைக்கக் கூடாதாம், விதி.
டார்ச்சோடு நின்றேன்
முனகல்களின் நடுவே.

பனி ஸ்கூட்டரில் ராவ்னா வந்தாள்.
திட்டியிருக்கலாம். திட்டவில்லை.
ஒன்பதுக்கு ஒன்பது தோட்டா,
யோசிக்க எதுவும் இருக்கவில்லை அவற்றில்.

பத்தாவது நின்றுகொண்டிருந்தது,
மூன்று காலில்.
நான்காவது தோலில் தொங்க
மூக்கால் பனியை விலக்கிப்
பாசி மேய்ந்தது.

"இது பிழைச்சுக்குமா?"

வெளிச்சத்தை உயர்த்தச் சொல்லி
காதின் வெட்டுக்குறியைப் படித்தாள்.
"என் மகளோடது.
ஞானஸ்நானத்துக்குக் கொடுத்தது."

இடுப்பில் வயர்லெஸ் கரகரத்தது:
இன்னும் எவ்வளவு நேரம்?

தோளுக்கு ஏற்றினாள் துப்பாக்கியை.
இறக்கினாள்.
"தின்னட்டும். நீங்க கிளம்புங்க."

தாமதம்: ஐம்பத்தோரு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
'விலங்கு' என்று எழுதினேன்.
மைனஸ் இருபத்திரண்டு.
சுரங்கம் வரும்வரை
ஜன்னலை இறக்கியே வைத்திருந்தேன்.